கண் தாளில், விரல் விசையில்

வேகமாக டைப் அடிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, கீபோர்டைப் பார்க்காமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள்: 'வி' என்ற ஆங்கில எழுத்துக்கு இடப்பக்கம் எந்த எழுத்து இருக்கிறது? பெரும்பாலும் உடனே பதில் வராது. மேசைமேல் விரல்களை வைத்து, இல்லாத விசையில் ஒரு சொல்லை அடித்துப் பார்த்த பிறகுதான் சொல்வார். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதனையாகவே செய்து பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொல் அடிப்பவர்களிடம் எழுத்தில்லாத வெற்றுக் கட்டங்களைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்துகளில் சராசரியாக 15-தான் சரியான இடத்தில் விழுந்தன. தினமும் ஆயிரக்கணக்கான முறை தட்டுகிற பலகையின் படம் அவர்கள் நினைவில் இல்லை. விரல்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

டேட்டா என்ட்ரி வேலைக்காக டைப்பிங் கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் ஸ்பீடு வரும்?" என்பதுதான். ஸ்பீடு விரலில் இருக்கிறது என்று நினைத்துக் கேட்கிற கேள்வி இது. என்னைக் கேட்டால் அது கண்ணில் இருக்கிறது. டேட்டா என்ட்ரியில் அடிக்க வேண்டிய விஷயம் நம் மனத்தில் கிடையாது. பக்கத்தில் கிடக்கும் விண்ணப்பத்தில் இருக்கிறது. கண் அதிலிருந்து கீபோர்டுக்கு இறங்கி, திரையைப் பார்த்து, மறுபடி தாளுக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்தைத் தேட வேண்டும். ஒரு வரி விட்டுப்போவதும், ஒரே வரி இரண்டு முறை ஏறுவதும், மேல் வரியின் தொகை கீழ் வரியில் போய் உட்காருவதும் இந்தப் போக்குவரத்தில்தான்.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. கிறிஸ்டோபர் ஷோல்ஸ் தன் தட்டச்சுப் பொறிக்கு 1868-இல் காப்புரிமை பெற்றார். ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. (எழுத்துகள் ஏன் இந்த வரிசையில் அமைந்தன என்பதற்குப் பல கதைகள் உலவுகின்றன. நம்பகமானவை குறைவு; இங்கே வேண்டாம்.) ஆரம்ப ஆண்டுகளில் எல்லாரும் விசைகளைப் பார்த்துப் பார்த்து இரண்டு, நான்கு விரல்களால்தான் அடித்தார்கள். சின்சினாட்டி நகரில் லாங்லி என்ற ஆசிரியை எல்லா விரல்களையும் பயன்படுத்தும் முறையை 1882-இல் புத்தகமாகப் போட்டார். தொழிலில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. அதே நகரில் 1888 ஜூலை 25 அன்று ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம், ரெமிங்டன் பலகையை மனப்பாடமாக்கி விசையைப் பார்க்காமலே அடித்த நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஃபிராங்க் மெக்கரின். மறுபக்கம், பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி விசை கொண்ட காலிகிராஃப் பொறியில் பார்த்து அடித்த லூயி டிராப். பரிசு 500 டாலர். மெக்கரின் வென்றார் என்பதைவிட எப்படி வென்றார் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். ஒருவர் வாசிக்க அடிக்கும் சுற்றிலிருந்து, தாளைப் பார்த்து அடிக்கும் சுற்றுக்கு வந்ததும் டிராபின் வேகம் இறங்கியது. மெக்கரினுக்கு இறங்கவே இல்லை.

பார்க்காமல் அடிக்க விரலுக்கு ஒரு வீடு வேண்டும். அது நடுவரிசை. இடக்கை நான்கு விரல்கள் ஏ, எஸ், டி, எஃப் மீதும், வலக்கை நான்கும் ஜே, கே, எல், அரைப்புள்ளி மீதும் நிற்கும். கட்டைவிரலுக்கு ஸ்பேஸ் பார். எஃப், ஜே விசைகளைத் தடவிப் பாருங்கள்: சிறு மேடு தட்டுப்படும். கண்ணின் உதவி இல்லாமல் ஆள்காட்டி விரல் தன் இடத்தைக் கண்டுபிடிக்க அது போதும். எந்த விசைக்குப் போன விரலும் வேலை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் அடுத்த விசைக்கான தூரமும் திசையும் மாறாமல் இருக்கும். நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் முதல் வாரம் முழுக்க ஒரே வரியைப் பக்கம் பக்கமாக அடிக்க வைப்பது இதற்காகத்தான். சலிப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

பத்து விரலும் கட்டாயமா? பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஒரு சங்கடத்தைத் தருகிறது. முறையாகக் கற்காமல் தானாகப் பழகி, குறைந்த விரல்களால் அடித்தவர்களில் சிலர், கற்றவர்களுக்குச் சமமான வேகத்தில் அடித்தார்கள். ஒரு விசைக்கு எப்போதும் ஒரே விரல், அடுத்த விசைக்கு முன்கூட்டியே தயாராகும் கை: இவைதான் அவர்கள் பலம். ஆனால் விரல்களைப் பார்ப்பதில் அவர்கள் கூடுதல் நேரம் செலவிட்டார்கள். கடிதம் எழுதுகிறவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. விண்ணப்பக் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறவருக்கு அது முழு நட்டம்.

தாளை விட்டு அகலாத கண் என்ன செய்கிறது? விரலுக்கு முன்னால் ஓடுகிறது. தேர்ந்த தட்டச்சாளரின் பார்வை, விரல் அடித்துக்கொண்டிருக்கும் எழுத்தைத் தாண்டிச் சில எழுத்துகள் முன்னே நிற்கும். டிமதி சால்ட்ஹவுஸ் என்ற உளவியலாளர் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சாளர்களை ஆராய்ந்து 1984-இல் ஒரு முடிவை வெளியிட்டார். வயதானவர்களுக்கு விரல் துடிப்பு குறைந்திருந்தது. ஆனால் டைப்பிங் வேகம் குறையவில்லை. காரணம், அவர்கள் கண் இளைஞர்களைவிட இன்னும் தொலைவு முன்னால் படித்தது. முன்னே தெரியும் எழுத்துகளைத் திரையில் குறைத்துக் காட்டியபோது வேகம் சரிந்தது. நாற்பது வயதுக்கு மேல் இதைக் கற்க முடியுமா என்று தயங்குகிறவர்கள் இந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வியப்பு, பிழையைக் கண்டுபிடிப்பது யார் என்பது. வாண்டர்பில்ட்டில் கார்டன் லோகன், மேத்யூ கிரம்ப் இருவரும் 2010-இல் ஒரு தந்திரம் செய்தார்கள். தட்டச்சாளர் சரியாக அடித்த சில சொற்களைக் கணினி திரையில் பிழையாகக் காட்டியது. பிழையாக அடித்த சிலவற்றைச் சத்தமில்லாமல் திருத்திக் காட்டியது. கேட்டபோது அவர்கள் திரையை நம்பினார்கள்: செய்யாத பிழைக்குப் பொறுப்பேற்றார்கள், கணினி திருத்தியதைத் தங்கள் சாமர்த்தியமாக எடுத்துக்கொண்டார்கள். விரல்கள் ஏமாறவில்லை. உண்மையாகவே தவறு செய்த இடங்களில் மட்டும்தான் அவை ஒரு கணம் தாமதித்தன. அதாவது சொல்லை எடுத்துக்கொடுக்கும் மேலாள் ஒருவர், எழுத்தெழுத்தாக அடிக்கும் ஊழியர் ஒருவர் என்று மூளைக்குள் இரண்டு அடுக்கு நிர்வாகம் நடக்கிறது. விரல் தடுமாறியதாக உணர்ந்தால் திரையைப் பாருங்கள். அந்தத் தடுமாற்றம் அநேகமாகப் பொய் சொல்லாது.

இதெல்லாம் சொற்களுக்கு. டேட்டா என்ட்ரியில் பாதி சொற்களே இல்லை. கதவு எண், பின்கோடு, பிறந்த தேதி, இனிஷியல். அடுத்து என்ன வரும் என்று மூளை ஊகிக்க இங்கே வழியில்லை. அதனால் கட்டுரை அடிக்கும் வேகம் இதில் வராது. எண்களுக்கு மேல்வரிசையை நம்பாமல், வலப்பக்க நம்பர் பேடைத் தனியாகப் பயில வேண்டும். நடுவிரல் 5-இல் நிற்கும், அங்கேயும் ஒரு மேடு இருக்கும். ஆள்காட்டி விரல் 4-இல், மோதிர விரல் 6-இல், கட்டைவிரல் 0-வில், சுண்டுவிரல் என்டரில். ஒரு வேடிக்கை: கால்குலேட்டர் வழிவந்த இந்தப் பலகையில் மேலே 7, 8, 9 இருக்கும், போனில் மேலே 1, 2, 3. நம்பர் பேடில் நன்றாகப் பழகிய கை போனில் எண் அடிக்கும்போது தடுமாறினால் அது கையின் குற்றமல்ல.

எண்ணில் அடிக்கடி நேரும் ஒரு பிழை, அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறுவது. 5,280 என்பது 5,820 ஆகிவிடும். இதற்குக் கணக்குப்பிள்ளைகள் கையாளும் பழைய உபாயம் ஒன்று உண்டு: கூட்டுத்தொகை உதைக்கும்போது வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் முதலில் இலக்க மாற்றத்தைச் சந்தேகிக்க வேண்டும். மேற்கண்டதில் வித்தியாசம் 540, அதாவது 60 ஒன்பதுகள். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் இதே காவலைக் கணினிக்குச் செய்கிறது. நெதர்லாந்துக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-இல் வகுத்த முறையில் முதல் 11 இலக்கங்களிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். பெயருக்கும் ஊருக்கும் அப்படிக் காவல் இல்லை. அதனால் முக்கியமான தரவுகளை இரண்டு பேர் தனித்தனியே ஏற்ற, கணினி ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும். துளையட்டைக் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது.

வேகக் கணக்குக்கு வருவோம். தேர்வுகளில் ஒரு சொல் என்பது ஐந்து விசைத்தட்டல். தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆங்கிலத் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. தேர்வில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டருக்கு மணிக்கு 8,000 விசை கேட்பார்கள். மலைப்பாகத் தோன்றினாலும் வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 27 சொல்லைத் தொடாது. லோயர் பாஸானவருக்கு எட்டும் தூரம்தான். சில பணிகளுக்குக் கேட்கும் 15,000 வேறு ரகம்; அது நிமிடத்துக்கு 50 சொல்.

வேலை தமிழில் என்றால், சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 பலகையைப் பயிலுங்கள். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 'பந்தம்' என்று அடிக்க ப, ந, த, ம, புள்ளி என ஐந்தே தட்டல். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் புள்ளி தானாக விழும். ஐந்து விசையும் நடுவரிசையிலேயே இருக்கின்றன. பழைய தட்டச்சுப் பொறி முறையில் 'கொ' அடிக்கக் கொம்பை முதலில் அடிக்க வேண்டும். அதில் ஊறியவர்கள் மாறவேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போகவும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு பயிற்சி என்பதற்கும் விடை இருக்கிறது. பிரிட்டனில் கடிதம் பிரிக்கும் இயந்திரங்களுக்காகத் தபால்காரர்களுக்கு டைப்பிங் கற்றுக்கொடுத்தபோது, ஆலன் பேடெலி, லாங்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்துக் கவனித்து 1978-இல் எழுதினார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்களுக்கு, நாளுக்கு நான்கு மணி நேரம் பயின்றவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரமே தேவைப்பட்டது. ஆனால் நாட்கள் அதிகம் பிடித்ததால் முகம் சுளித்தவர்களும் இந்த ஒரு மணி நேரக்காரர்கள்தான். நம் இன்ஸ்டிடியூட்டுகளின் ஒரு மணி நேர பேட்ச் இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. முதல் சில வாரங்களில் உங்கள் பழைய இரண்டு விரல் வேகம்கூட இருக்காது. அப்போது குனிந்து கீபோர்டைப் பார்க்காதீர்கள். சீக்கிரம் முடிக்கலாம் என்று ஒரே நாளில் இரண்டு பேட்ச்சுக்கும் பணம் கட்டாதீர்கள்.