வெளியூர் ஆட்டம்: கம்பிவேலியிலிருந்து முப்பது பவுண்டு வரை

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள். அதில் 19 எதிரணியின் ஊரில். அந்தப் பத்தொன்பதுக்கும் விடாமல் பின்தொடரும் ரசிகர்களுக்கு அங்கே தனி மரியாதை உண்டு. சொந்த ஊரில் கைதட்ட யாராலும் முடியும். கொட்டும் மழையில், நானூறு கிலோமீட்டர் தள்ளி, மூன்று கோல் வாங்கித் தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்காகத் தொண்டை வறளப் பாடுவதுதான் விசுவாசம் என்பது அவர்கள் கட்சி. கடந்த ஐம்பது ஆண்டுகளில் கால்பந்து எவ்வளவோ மாறிவிட்டது. அதைவிட அதிகமாக மாறியது இந்த வெளியூர் ரசிகர்களின் சனிக்கிழமை.

பயணம்

1970-களில் வெளியூர் ஆட்டம் என்றால் ஸ்பெஷல் ரயில். பிரிட்டிஷ் ரயில்வே ரசிகர்களுக்காகத் தனி ரயில்களை மலிவுக் கட்டணத்தில் விட்டது. அவற்றில் பெரும்பாலும் கழித்துக்கட்டும் நிலையிலிருந்த பழைய பெட்டிகள்தான் இணைக்கப்பட்டன. நல்ல பெட்டியைக் கொடுத்தால் உடைத்துவிடுவார்கள் என்பது ரயில்வேயின் கணக்கு. உடைந்ததைத்தானே கொடுத்தார்கள் என்பது ரசிகர்களின் பதில். இதற்கு விதிவிலக்காக 1973-இல் ‘லீக் லைனர்’ என்றொரு சொகுசு ரயில் வந்தது. பாட்டுப் போட்டு ஆட ஒரு டிஸ்கோ பெட்டிகூட அதில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோனது.

போய் இறங்கும் நிலையத்தில் குதிரைப் போலீசும் நாய்களும் காத்திருக்கும். அங்கிருந்து மைதானம்வரை நடுத்தெருவில் மந்தையை ஓட்டிப் போவதுபோல் அழைத்துப் போவார்கள். வழியில் டீ குடிக்க ஒதுங்க முடியாது. கழுத்தில் போட்ட ஸ்கார்ப்பைப் பார்த்து எந்தச் சந்திலிருந்து கல் வரும் என்றும் தெரியாது. அந்தக் காலத்தில் வெளியூர் ரசிகருக்குக் கையேடு எழுதியிருந்தால் அதன் முதல் அறிவுரை ‘அணியின் நிறத்தை மறைத்துக்கொள்’ என்பதாகத்தான் இருந்திருக்கும்.

இன்று பெரும்பாலோர் போனில் முன்பதிவு செய்து சாதாரண ரயிலில் போகிறார்கள், அல்லது கிளப் ஏற்பாடு செய்யும் பேருந்தில் போகிறார்கள். எந்தப் பப்பில் வெளியூர் ரசிகர்களை உள்ளே விடுவார்கள், எந்த வாசலில் இறங்கினால் நடை குறைவு, எவ்வளவு பெரிய பையை அனுமதிப்பார்கள் என்பதெல்லாம் கிளம்பும் முன்பே கைக்கு வந்துவிடுகிறது. மாறாத ஒன்று உண்டு. ஆட்டத்துக்காக அமர்த்திய பேருந்திலும் ரயிலிலும் மது கூடாது என்று 1985-இல் வந்த சட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. மைதானத்துக்குள் பீர் விற்றாலும், புல்தரை கண்ணில் படும் இடத்தில் நின்று அதைக் குடிக்கக் கூடாது.

வேலி

1960-களின் நடுப்பகுதிவரை பல மைதானங்களில் இரு அணி ரசிகர்களும் கலந்துதான் நின்றார்கள். வாசலில் காசு கொடுத்து நுழைவார்கள். தம் அணி அடுத்த பாதியில் எந்தக் கோலை நோக்கி அடிக்கப்போகிறதோ அந்தப் பக்கத்துக்கு இடைவேளையில் நடந்து போய்விடுவார்கள். வன்முறை முற்றியதும் அது முடிந்தது. 1974 ஆகஸ்டில் பிளாக்பூல் மைதானத்தில் ஓர் இளம் ரசிகர் குத்திக் கொல்லப்பட்டார். ரசிகர்களைப் பிரித்து நிறுத்துவதும், கேலரிக்கும் புல்தரைக்கும் நடுவே இரும்பு வேலி போடுவதும் நாடெங்கும் பரவின.

1980-களில் வெளியூர் ரசிகர் என்றாலே குற்றவாளி என்ற பார்வை உச்சத்துக்குப் போனது. 1985-இல் செல்சியின் உரிமையாளர் கென் பேட்ஸ் தம் மைதானத்து வேலியில் மின்சாரமே பாய்ச்சப் பார்த்தார். லண்டன் பெருநகர மன்றம் அனுமதிக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் லூட்டன் மைதானத்தில் மில்வால் ரசிகர்கள் பெரும் கலவரம் செய்தார்கள். அதைத் தொடர்ந்து லூட்டன் 1986 முதல் நான்கு பருவங்கள் வெளியூர் ரசிகர்களையே உள்ளே விடவில்லை. 1985 மே மாதம் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் 39 பேர் இறந்தார்கள். இங்கிலாந்து கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயம், மைதானத்துக்கு வருகிற ஒவ்வொருவரையும் அடக்கவேண்டிய கூட்டமாக மட்டுமே பார்க்கப் போலீசைப் பழக்கிவிட்டது.

அந்தப் பழக்கத்தின் விலை 1989 ஏப்ரல் 15 அன்று தெரிந்தது. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலும் நாட்டிங்ஹாம் பாரஸ்ட்டும் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் மோதின. பொது மைதானம் என்பதால் இரு தரப்பு ரசிகர்களுமே வெளியூர்க்காரர்கள்தான். லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் நின்று பார்க்க டிக்கெட் வாங்கியிருந்த சுமார் 10,000 லிவர்பூல் ரசிகர்களுக்கு ஏழே ஏழு சுழல் வாசல்கள். வெளியே நெரிசல் தாங்காமல் போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்குப் போகும் சுரங்கவழியை யாரும் அடைக்கவில்லை. முன்னால் இரும்பு வேலி, பின்னால் வந்துகொண்டே இருக்கும் கூட்டம். ஏறித் தப்ப முயன்றவர்களைப் புல்தரைக்கு வரும் கலகக்காரர்கள் என்று முதலில் நினைத்தார்கள். 97 பேர் இறந்தார்கள். அவர்களில் கடைசி மனிதர் அன்றைய காயத்தின் விளைவாக 2021-இல் இறந்தார். ரசிகர்கள்மீது தவறில்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணையின் ஜூரி சொல்ல 2016 ஏப்ரல்வரை ஆனது. 27 ஆண்டுகள் குடும்பங்கள் போராடிப் பெற்ற தீர்ப்பு அது.

ஹில்ஸ்பரோ துயரத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. வேலிகள் இறங்கின. ரசிகர்களுக்கெல்லாம் அடையாள அட்டை கட்டாயம் என்ற அரசின் திட்டம் கைவிடப்பட்டது. 1994-க்குள் முதல் இரண்டு நிலைகளின் மைதானங்கள் எல்லோருக்கும் இருக்கை உள்ளவையாக மாறவேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. இருக்கை வந்தும் வெளியூர் ரசிகர்கள் உட்கார்ந்தபாடில்லை. முழு ஆட்டமும் நின்றபடியே பார்த்தார்கள். கடைசியில் 2022-23 பருவம் முதல், இருக்கைக்கு முன் தடுப்புக் கம்பி வைத்து நின்று பார்க்கும் பகுதிகளுக்குச் சட்டமே இடம் கொடுத்தது.

விலை

1989-90 பருவத்தில் லிவர்பூலின் புகழ்பெற்ற காப் கேலரியில் நிற்க நான்கு பவுண்டு போதும். 1992-இல் பிரீமியர் லீக்கும் ஸ்கை தொலைக்காட்சியின் பணமும் வந்தபின் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. 2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்துக்குப் போன மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களிடம் ஒரு டிக்கெட்டுக்கு 62 பவுண்டு கேட்டார்கள். 3,000 டிக்கெட்டில் 912 விற்காமல் திரும்பிப் போனது. வெளியூர் டிக்கெட்டுக்கு 20 பவுண்டு போதும் என்று ரசிகர் கூட்டமைப்பு இயக்கம் தொடங்கியது. 2016 பிப்ரவரியில் 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து லிவர்பூல் ரசிகர்கள் 77-ஆவது நிமிடத்தில் கூட்டமாக எழுந்து வெளியேறினார்கள். அடுத்த மாதமே கிளப்புகள் இறங்கிவந்து, 2016-17 பருவம் முதல் பிரீமியர் லீக்கில் வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு விதித்தன. பிறகு அது பலமுறை நீட்டிக்கப்பட்டது. உள்ளூர் ரசிகருக்கு இப்படி ஒரு வரம்பு கிடையாது.

கிளப்புகளுக்கு ரசிகர்மேல் திடீரென்று பாசம் வந்துவிடவில்லை. வெளியூர் மூலையில் பாட்டு எழாத ஆட்டம் தொலைக்காட்சியில் எடுபடாது என்பதை அவை புரிந்துகொண்டன. வேலிக்குள் அடைக்கப்பட்டவர் இன்று காட்சியின் ஒரு பகுதி.

நேரம்

புதிய குறை இங்கேதான். முன்பு சனிக்கிழமை மாலை 3 மணி என்றால் 3 மணி. இப்போது தொலைக்காட்சிக்காக வெள்ளி இரவும் ஆட்டம், திங்கள் இரவும் ஆட்டம். லண்டனில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 10 ஆகும். ரசிகர் மைதானத்திலிருந்து ரயில் நிலையம் வருவதற்குள் நியூகாஸிலுக்கான கடைசி ரயில் போயிருக்கும். மலிவான முன்பதிவு டிக்கெட்டை வாங்கியபின் ஆட்டத்தின் நாளே மாறினால் அந்தக் காசும் போச்சு. முப்பது பவுண்டு வரம்பு மைதானத்துக்குள்தான், வழிச்செலவுக்கு வரம்பில்லை.

இன்று அந்தப் பயணத்துக்குக் கிளம்புகிறவர் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பிரீமியர் லீக்கில் வெளியூர் ஒதுக்கீடு 3,000 இடங்கள். 30,000-க்கும் குறைவானவர் கொள்ளும் மைதானமானால் பத்தில் ஒரு பங்கு. கிளப்புகள் அதை உறுப்பினர்களுக்கு, பலமுறை பயணித்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து விற்கின்றன. தெருவில் விற்பவரிடம் வாங்காதீர்கள். கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி விற்பது 1994 முதல் குற்றம். உள்ளூர் ரசிகர் பகுதியில் எதிரணிச் சட்டையோடு உட்கார்ந்தால் வெளியேற்றுவார்கள். நியூகாஸிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் வெளியூர் இடம் ஏழாம் தளத்தில்; 14 சுற்றுப் படி ஏற நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஹில்ஸ்பரோ போன்ற துயரங்களைக் கேலி செய்து யாராவது பாடினால் சேர்ந்து பாடாதீர்கள். 2023-24 பருவம் முதல் அதற்கு மைதானத் தடையும் வழக்கும் உண்டு.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டால், வெளியூர் ரசிகரின் வாழ்க்கை சந்தேகமில்லாமல் மேம்பட்டிருக்கிறது. ஆனால் அந்த மேம்பாட்டில் எதையும் கிளப்புகளோ அரசோ தாமாகக் கொடுக்கவில்லை. வேலி இறங்க 97 உயிர் போக வேண்டியிருந்தது. கட்டணம் இறங்க ரசிகர்கள் எழுந்து வெளியேற வேண்டியிருந்தது. ஆட்ட நேரத்தையும் அவர்கள் அப்படித்தான் வாங்க வேண்டியிருக்கும்.