கண் விழித்ததும் கண்ட முகம்

பால் பொங்கி வழிந்தாலும், பஸ் தவறிப் போனாலும், "இன்றைக்கு யார் முகத்தில் விழித்தேனோ!" என்று அலுத்துக்கொள்வது நம் வீடுகளில் சகஜம். திருவிதாங்கூர் மகாராஜா ஒருவரும் ஒரு நாள் அப்படிக் கோபித்துக்கொண்டாராம். நம்மைப் போல் முணுமுணுத்ததோடு அவர் விட்டுவிடவில்லை. தாம் விழித்த முகத்துக்கு உடைய பையனைப் பிடித்துச் சிறையில் அடைக்கச் சொன்னார். அந்தப் பையன்தான் பின்னால் அந்த ராஜ்யத்துக்கே திவானானான்!

பையன் பெயர் கேசவன். 1745-ம் ஆண்டு விளவங்கோடு தாலுகாவில் குன்னத்தூர் என்னும் சிற்றூரில் பிறந்தவன். அன்று அது திருவிதாங்கூர்ச் சீமை. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு இணைந்தபோது அதுவும் தமிழ்நாட்டு ஊராயிற்று. தாம்பரத்தில் நாகர்கோவில் ரயிலேறி, பத்மநாபபுரம் அரண்மனையின் மர வேலைப்பாட்டைப் பார்த்து அதிசயித்துவிட்டு வரும் நம் வாசகிகள், இந்தக் கதாநாயகனின் பிறந்த மண்ணுக்கு வெகு அருகில் போய் வந்தவர்கள்தாம்.

ஏழைக் குடும்பம். இளம் வயதிலேயே போக்கு மூஸா மரைக்காயர் என்னும் பெரிய வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலைக்குப் போனான் கேசவன். ஓர் இரவு மரைக்காயர் மகாராஜாவைக் காண அரண்மனைக்குச் சென்றபோது பையனும் கூடப் போனான். பேச்சு நீண்டது. பையன் அங்கேயே ஓரமாகப் படுத்துத் தூங்கிவிட்டான். விடியற்காலையில் மகாராஜா கண் விழித்ததும் முதலில் பட்டது அவன் முகம்! சிறைவாசம் விதிக்கப்பட்டது. ஆனால் அன்றைக்கே ராஜ்யத்துக்கு நல்ல சேதிகள் வந்து சேர்ந்தனவாம். 'இது ராசியான முகமல்லவா!' என்று மகாராஜா மனம் மாறி, பையனை அரண்மனை உத்தியோகத்திலேயே வைத்துக்கொண்டாராம்.

இது செவிவழியாக வந்த கதை. முகராசி ஒருவனை அரண்மனைக்குள் கொண்டுபோய் விடலாம். பிறகு வேண்டியது மூளையும் உழைப்பும் அல்லவா? அரசாணைகளை எழுதும் சிறு உத்தியோகத்தில் தொடங்கிய கேசவ பிள்ளை, 'தர்மராஜா' என்று மக்கள் போற்றிய கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் அந்தரங்க நம்பிக்கைக்குப் பாத்திரமானார். 1789-ல் ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். அதுவரை அந்தப் பதவிக்குத் 'தளவாய்' என்று பெயர். 'திவான்' என்று அழைக்கப்பட்ட முதல் மனிதர் இவரே. ஆங்கிலேயர் 'ராஜா' பட்டம் அளிக்க, ராஜா கேசவதாஸ் ஆனார்.

பதவியேற்ற ஆண்டிலேயே சோதனை வந்தது. 1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தானின் படை, வடக்கு எல்லையில் இருந்த நெடுங்கோட்டை மதிலின் மேல் பாய்ந்தது. கேசவதாஸ் நடத்திய சேனை அந்த முதல் தாக்குதலை முறியடித்தது. மறு ஆண்டு மதில் உடைந்தது உண்மைதான். ஆனாலும் பெரியாற்றின் வெள்ளமும், ஆங்கிலேயரோடு மூண்ட யுத்தமும் திப்புவைத் திரும்பிப் போக வைத்தன.

போரைவிட வியாபாரத்தில்தான் திவானுடைய திறமை பிரகாசித்தது. மரைக்காயரின் கணக்குப் புத்தகம் கற்றுத் தந்த பாடம் வீண் போகவில்லை! நாம் ரசத்துக்குப் பொடித்துப் போடும் மிளகுதான் அன்று திருவிதாங்கூரின் தங்கம். அதைக் கப்பலேற்ற ஆலப்புழையைப் பெரிய துறைமுகமாக வளர்த்தார். கால்வாய்கள் வெட்டுவித்தார். வெளியூர் வியாபாரிகளை அழைத்துக் குடியேற்றினார். திருவனந்தபுரத்துப் பெண்மணிகள் இன்றும் பேரம் பேசிச் சாமான் வாங்கும் சாலைக் கடைத்தெரு அவர் ஏற்படுத்தியதுதான்.

இதே காலத்தில், பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால், ருஷ்யாவிலும் ஒருவர் இதே பாதையில் நடந்துகொண்டிருந்தார். அவர் பெயர் பொட்டெம்கின். கேசவதாஸைவிட ஆறு வயது மூத்தவர். மகாராணி காதரினின் காதலராக 1774-ல் செல்வாக்குப் பெற்றார். காதல் மங்கிய பிறகும் ராணியின் நம்பிக்கை மங்கவில்லை. 1778-ல் கெர்சான் நகரத்தையும், 1783-ல் செவஸ்டபோல் துறைமுகத்தையும் ஸ்தாபித்தார். ராணியை ஏமாற்ற அட்டையில் போலிக் கிராமங்கள் கட்டினார் என்று பொறாமைக்காரர்கள் கதை கட்டினார்கள். கதை மிகைப்படுத்தப்பட்டது என்பது சரித்திரக்காரர்களின் முடிவு. அவர் எழுப்பிய நகரங்கள் அட்டையாக இருந்திருந்தால் இன்று வரை நின்றிருக்குமா?

ஒரு விஷயத்தில் மட்டும் பொட்டெம்கின் பாக்கியசாலி. 1791-ல், ராணி உயிரோடு இருக்கும்போதே அவர் கண்ணை மூடினார். ராணி கதறி அழுதாள். அவளுக்குப் பின் 1796-ல் பட்டத்துக்கு வந்த மகன் பால், தன் ஆத்திரத்தைப் பொட்டெம்கினின் சமாதியின் மீதுதான் காட்ட முடிந்தது.

கேசவதாஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாற்பது ஆண்டு அரசாண்ட தர்மராஜா 1798 பிப்ரவரியில் காலமானார். பதினாறு வயதுப் பாலராம வர்மா சிம்மாசனம் ஏறினார். அந்த இளம் ராஜாவுக்கு வேண்டியவராக வந்து சேர்ந்தார் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி. பழைய திவான் பதவி இழந்தார். வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். 1799-ல் அந்த வீட்டிலேயே இறந்து கிடந்தார். விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்றே சரித்திரம் எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள்.

நிழல் தந்த மரம் சாய்ந்தால், அதன் கீழ் நின்றவனுக்கு வெயில்தான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. நம்பூதிரியும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் கஜானாவை நிரப்ப வழி கண்டுபிடித்தார்கள். வசதி உள்ளவர்களுக்கு ஜாபிதா எழுதி, இவ்வளவு பணம் கொண்டுவா என்று கட்டளையிட்டார்கள். இரணியல் அதிகாரியாயிருந்த வேலுத்தம்பிக்கும் ஓலை வந்தது. மூன்று நாள் தவணை கேட்டுத் திரும்பிய வேலுத்தம்பி, பணத்துக்குப் பதிலாக ஜனங்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் கோட்டை வாசலில் வந்து நின்றார்! ராஜா பணிந்தார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். கூட்டாளிகளின் காதுகள் அறுக்கப்பட்டன.

கேசவதாஸும் நம்பூதிரியும் ராஜாவின் பிரியத்தால் மேலே வந்தவர்களே. இருவர் கையிலும் கிடைத்தது ஒரே சாவிதான். ஒருவர் அதைக் கொண்டு துறைமுகத்தையும் கடைத்தெருவையும் திறந்துவிட்டார். மற்றவர் ஊரார் வீட்டுப் பெட்டிகளைத் திறக்கப் பார்த்தார். கேசவதாஸைக் காப்பாற்ற அன்று யாரும் கோட்டை வாசலுக்கு வரவில்லை என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. ஜனங்கள் வந்தார்கள், ஆனால் அவர் போன பிறகு!