பதில் கிடைக்காத கோபம்

2020 டிசம்பர் 12 காலை, கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் நரசாபுரத்தில் ஐபோன் தயாரித்துவந்த விஸ்ட்ரான் ஆலையை அங்கே வேலை பார்த்தவர்களே அடித்து நொறுக்கினார்கள். காலித்தனம் என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. விசாரணையில் வேறு சங்கதிகள் வெளிவந்தன. எட்டு மணி நேர ஷிப்டு பன்னிரண்டாகியிருந்தது. வருகைப் பதிவில் குளறுபடி, சம்பளத்திலும் ஓவர்டைமிலும் துண்டு விழுந்தது, முறையிட்டவர்களுக்கு உருப்படியான பதில் இல்லை. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது; இந்தியப் பிரிவைக் கவனித்த துணைத் தலைவரை நீக்கியது. ஆலையை உடைத்தது குற்றம்தான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் வேலைப்பளு மட்டும் ஒருவரைக் கல்லெடுக்க வைப்பதில்லை. உழைப்புக்குக் கணக்குச் சொல்ல ஆளில்லை என்ற நிலை வரும்போதுதான் எரிச்சல் சேதமாக மாறுகிறது.

எல்லோரும் கல்லெடுப்பதில்லை. சொல்லாமல் லீவு போடுவார்கள், வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார்கள், கீழே இருப்பவன்மேல் எரிந்து விழுவார்கள், சில்லறைச் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கடைசி ரகத்தைப் பற்றியது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் பத்து வாரங்களுக்குச் சம்பளம் 15 சதவீதம் வெட்டப்பட்டது. ஓர் ஆலையில் காரணத்தை விவரமாக, வருத்தத்தோடு எடுத்துச் சொன்னார்கள். மற்றதில் ஏனோதானோவென்று அறிவித்ததோடு சரி. திருட்டு இரண்டிலும் கூடியது. ஆனால் விளக்கம் கிடைத்த ஆலையில் அந்த ஏற்றம் குறைவு. சம்பளம் பழையபடி வந்ததும் திருட்டும் இறங்கிவிட்டது. திருட்டுப் புத்திதான் காரணமென்றால், அந்தப் புத்தி பத்து வாரத்துக்கு மட்டும் வந்து போகுமா?

‘எங்கள் ஊர்ப் பக்கம் இதைவிடக் கஷ்டப்பட்டு வேலை பார்த்தார்கள், யாரும் கடையை உடைக்கவில்லையே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொத்தமங்கலம் போன்ற செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ‘கொண்டுவிக்க’, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போனவர்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மூன்று வருஷம் கடையிலேயே கிடந்தார்கள். அவர்களைக் கட்டிப்போட்டது உறவும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் கூச்சமும்தான் என்பார்கள். பாதி உண்மை. கூச்சமே போதுமென்றால் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகத் தந்து, தவணை முடிந்ததும் கணக்குப் பார்த்து, லாபத்தில் கடையை நடத்திய ஏஜெண்டுக்குப் பங்கும் கொடுக்கும் ஏற்பாடு எதற்கு? பாசத்தை மட்டும் நம்பி அந்த முதலாளிகள் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிடவில்லை. கடையின் கடைநிலை ஊழியனான பெட்டியடிப் பையனுக்கும் தான் யாருக்குக் கீழே, எத்தனை வருஷம், என்ன சம்பளம் என்பது தெரிந்திருந்தது.

நரசாபுரத்திலோ பெரும்பான்மையோர் ஒப்பந்த ஏஜென்சிகள் வழியாக வந்தவர்கள். பணம் குறைந்தால் ஆலையைக் கேட்பதா, ஏஜென்சியைக் கேட்பதா என்பதே அங்கு குழப்பம். மன அழுத்தம் போக்க யோகா வகுப்பு நடத்தும் நிறுவனங்கள், சம்பளச் சீட்டிலுள்ள பிடித்தங்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆளை ஷிப்டு முடியும் நேரத்தில் வாசலில் உட்கார வைக்கலாம். யோகாவை விடச் செலவு குறைவாகத்தான் இருக்கும்.