கடப்பாரை எடுக்காமலே கரிசலில் காய்கறி



போன மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஓர் அக்கா கேட்டார்: "வீட்டுக்குப் பின்னால ரெண்டு சென்ட் இடம் சும்மா கிடக்கு. கத்தரி, வெண்டை போடலாம்னா கரிசல்ல கடப்பாரை எறங்க மாட்டேங்குது. வீட்டுக்காரர் கொத்தித் தருவார்னு மூணு வருஷமா காத்திருக்கேன்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். கொத்தாமலே தோட்டம் போட வழி இருக்கிறது. இதில் அதிகப் பலன் நம்மைப் போன்ற களிமண்காரர்களுக்குத்தான்.

கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பில் மேல்மண் விழுந்து கீழே போகும். அதனால்தான் 'தானே உழுதுகொள்ளும் மண்' என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். ஈரமாக இருக்கும்போது கொத்தினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, வெயிலில் செங்கல் மாதிரி ஆகிவிடும். மண்புழு போட்ட வழியும் அடைபட்டுப் போகும். ஜப்பானில் மசானபு ஃபுகோகா என்ற விவசாயி பல ஆண்டுகள் உழாமலே நெல் விளைவித்தார். அவர் ஊர் மழை வேறு, நம்ம வெயில் வேறு. அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மண்ணைக் கிளறாமல் மேலே இருந்து ஊட்ட வேண்டும் என்ற விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆவணியிலேயே பாத்தியைத் தயார் செய்துவிடுங்கள். 10 அடி நீளம், 4 அடி அகலம் போதும். 4 அடி ஏன் என்றால், இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மிதித்தால் களிமண் இறுகிவிடும். பட்ட பாடெல்லாம் வீண்.

களையைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து அங்கேயே போடுங்கள். நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அதன்மேல் மக்கிய தொழு உரம் 3 அங்குல உயரத்துக்கு. சாந்துச் சட்டியில் கிட்டத்தட்ட 20 சட்டி வரும். இதுதான் பெரிய வேலை, மறைக்கவில்லை. பச்சைச் சாணி வேண்டாம், சூட்டில் நாற்று கருகும். உரத்தின் மேல் வேப்பிலை, சோளத்தட்டை, கடலைத் தொலி என்று கிடைத்ததை அரை அடிக்குப் பரப்புங்கள். இதுதான் மூடாக்கு. பருத்திமாரை ஒடித்துத்தான் போட வேண்டும். முழுசாகப் போட்டால் கையைக் கிழிக்கும்.

உரத்துக்கு அடியில் அட்டைப்பெட்டி விரிக்கச் சொல்வார்கள். களை அமுங்கும், உண்மைதான். ஆனால் காய்ந்த அட்டை என்றால் நம்ம ஊர்க் கரையானுக்கு விருந்து. ஈரம் விடாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் மட்டும் போடுங்கள். எதற்கும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கு தூவுவது நல்லது. கோரைக்கு அட்டையும் ஒன்றுதான் காகிதமும் ஒன்றுதான், குத்திக்கொண்டு வரும். வர வர அறுக்க வேண்டியதுதான்.

புரட்டாசிக் கடைசியில் மூடாக்கை விலக்கி, உரத்தில் கை அளவு குழி பண்ணி கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றை வையுங்கள். வெண்டை, கொத்தவரை விதையை நேரே ஊன்றலாம். செடி ஒரு சாண் வளர்கிறவரை தண்டை ஒட்டி மூடாக்கு வேண்டாம், அழுகிவிடும். அடைமழையில் பாத்தியைச் சுற்றி நடைபாதை தாழ்வாக இருந்தால் தண்ணீர் வடிந்துவிடும்.

மழை நின்ற பிறகு தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மூடாக்கை விலக்கி விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். அரிசி, காய் கழுவிய தண்ணீர் நல்லது. சோப்புத்தூள் தண்ணீர் மட்டும் கூடாது. அதிலுள்ள சோடியம் சேரச் சேரக் களிமண் இன்னும் இறுகும்.

முதல் வருஷம் காய் குறைவாகத்தான் வரும். மண் மாறுவது மெதுவாகத்தான். காய்ப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்காதீர்கள், தரையோடு அறுங்கள். வேர் உள்ளேயே மக்கி, அந்த ஓட்டை வழியாக அடுத்த மழை இறங்கும். வருஷத்துக்கு ஒருமுறை மேலே 1 அங்குலம் உரம் போட்டால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. மூடாக்குக்குள் தேள், பூரான் தங்கும். குச்சியால் விலக்கிவிட்டுக் கை வையுங்கள், பாத்தி வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். அடுத்தது ஆட்டுப்புழுக்கை. அதில் சீமைக்கருவேல விதை இருக்கும். நான் மக்க வைக்காமல் போட்டுவிட்டு, கத்தரிக்குப் பதில் கருவேலங்கன்று பிடுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு இலை விடும்போதே பிடுங்கினால் வந்துவிடும், விட்டால் கடப்பாரைதான்.