பனியில் இறங்கும் பழைய டகோட்டா

கடுங்குளிரில் கைகொடுப்பவை அதிநவீன ஜெட்கள் அல்ல. மெதுவான, முரட்டுத்தனமான, எளிமையான விமானங்கள்தான் இன்றும் உயிர் காக்கின்றன.

டிசம்பர் பிறந்ததும் கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் மங்கி கேப் சீசன் தொடங்கிவிடும். வெப்பநிலை 14 டிகிரிக்கு இறங்கினால் போதும், சென்ட்ரல் பார்க்கில் காலை நடை போகும் பாபுக்கள் கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி தலையை மூடிக்கொள்வார்கள். அவர்களுக்கு மேலே, டம்டம்மில் இறங்குவதற்காக விமானங்கள் தாழ்ந்து போய்க்கொண்டிருக்கும். அரை மணி நேரத்துக்கு முன்பு, 35,000 அடி உயரத்தில், அவை மைனஸ் 50 டிகிரியைக் கடந்து வந்தவை.

பறக்கும்போது இந்தக் குளிர் பெரிய விஷயமல்ல. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் சூடே அதற்குப் பாதுகாப்பு. அதே குளிரில் தரையில் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, மறுநாள் மீண்டும் கிளம்பச் சொல்லும்போதுதான் விமானத்தின் சாயம் வெளுக்கிறது.

சால்ட் லேக்கின் கருணாமயி பகுதியில் இருக்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கிழக்கு மண்டல அலுவலகம். தலைமையகமும் இதே நகரில்தான். 1981இல் இந்தியாவின் முதல் அன்டார்க்டிகா பயணத்திலிருந்தே இத்துறையின் ஆட்கள் பனிக்கண்டத்துக்குப் போய்வருகிறார்கள். 1982-83இல் சென்ற இரண்டாவது குழுவுக்குத் தலைமை தாங்கிய வி.கே. ரெய்னா இத்துறையைச் சேர்ந்தவர். அன்று கோவாவிலிருந்து கப்பலில் வாரக்கணக்கில் பயணம். இன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ரஷ்யத் தயாரிப்பான இல்யூஷின்-76இல் ஏறினால், ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் மைத்ரி நிலையத்துக்கு அருகே இறுகிய பனிக்கட்டி ஓடுபாதையில் இறங்கிவிடலாம். இந்தியா உட்பட 11 நாடுகள் சேர்ந்து 2002இல் உருவாக்கிய விமானச் சேவையின் பலன் இது.

சுவாரசியம் அதற்குப் பிறகுதான். அங்கிருந்து கண்டத்தின் மற்ற நிலையங்களுக்கு ஆட்களைச் சுமக்கும் விமானங்களில் ஒன்றின் பெயர் பாஸ்லர் பிடி-67. பெயர்தான் புதிது. உடல் நம் தாத்தாக்கள் பார்த்த டகோட்டா!

டம்டம்மின் பழைய நண்பன்

டகோட்டாவின் மூல வடிவமான டிசி-3 முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 அன்று. இரண்டாம் உலகப் போரில், ஜப்பானியர்கள் பர்மா சாலையை அடைத்த பிறகு, அஸ்ஸாமிலிருந்து இமயத்தின் கிழக்கு முனையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்குக் கொண்டுபோன விமானங்களில் டகோட்டாக்களும் உண்டு. அப்பணியில் ஈடுபட்ட சீன தேசிய விமான நிறுவனத்துக்கு டம்டம்தான் தளம். போர் முடிந்ததும் பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் கல்கத்தாவிலிருந்து இதே ரக விமானங்களை இயக்கியது. பின்னாளில் வடகிழக்கு எல்லையின் மலைக் கிராமங்களுக்கு வானிலிருந்து அரிசியும் உப்பும் போட்டதும் அவைதான்.

1948 மே 24 அன்று ஏர் கமோடர் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை லேயில் இறக்கினார். உடன் இருந்தவர் மேஜர் ஜெனரல் திம்மய்யா. வழியில் 20,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள். விமானத்துக்குள் காற்றழுத்த வசதி கிடையாது. சரியான வரைபடமும் இல்லை. இறங்கிய இடம் ஆற்றங்கரையில் அவசரமாகச் சீர்செய்த மணல் திட்டு. அந்த ஒரு பயணம் வெற்றி பெற்றதால்தான் லேவுக்குப் படையும் தளவாடமும் போய்ச் சேர்ந்தன.

தென்துருவத்தில் முதலில் இறங்கிய விமானமும் டகோட்டாவின் சகோதரன்தான். 1956 அக்டோபர் 31 அன்று அமெரிக்கக் கடற்படையின் 'கே செரா செரா' அங்கே இறங்கியது. வெளியே மைனஸ் 50 டிகிரி. 49 நிமிடங்கள் நின்றதற்குள் அதன் பனிச்சறுக்குப் பட்டைகள் தரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டன. எஞ்சின்கள் முழு வேகத்தில் உறுமியும் அசையவில்லை. உடலில் பொருத்தியிருந்த 15 சிறு ராக்கெட்டுகளை வெடித்துத்தான் அதைப் பெயர்த்தெடுத்தார்கள்.

குளிர் செய்யும் வேலை

அந்தக் குளிரில் எஞ்சின் எண்ணெய் தார் போல இறுகிவிடும். ரப்பர் வளையங்கள் விறைத்து, திரவக் குழாய்கள் ஒழுகும். பேட்டரி செத்துவிடும், அதனால் இரவில் கழற்றிக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். பயணிகள் விமானங்களில் ஊற்றும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். கிளம்புவதற்கு முன் எஞ்சின்மீது போர்வை போட்டு, வெந்நீர் வைப்பதுபோல வெப்பக்காற்று ஊத வேண்டும். கடுங்குளிரில் பனியும் வழுக்காது. மணல் மாதிரி இழுக்கும்.

இதற்கு மருந்து எளிமை. அமெரிக்காவின் ஆஷ்கோஷ் நகரில் பாஸ்லர் நிறுவனம் பழைய டகோட்டாவை வாங்கி, உடலை நீட்டி, பலப்படுத்தி, பெட்ரோல் எஞ்சின்களைக் கழற்றிவிட்டு டர்போபிராப் எஞ்சின்களைப் பொருத்துகிறது. அன்டார்க்டிகாவின் நிலையங்களில் கிடைக்கும் ஜெட் எரிபொருளிலேயே அது ஓடும். மெதுவாக இறங்கும், கரடுமுரடான பனியைத் தாங்கும். ஜெர்மனியும் சீனாவும்கூடத் தங்கள் துருவ ஆய்வுக்கு இதைத்தான் வைத்திருக்கின்றன.

இதன் இளைய பங்காளி கனடாவின் ட்வின் ஆட்டர். 1965இல் முதலில் பறந்தது. 2001 ஏப்ரலில் தென்துருவ நிலையத்தின் ஒரே மருத்துவரே நோயாளியாகிப் போனார். ஆறு மாத இரவு தொடங்கிவிட்டது. பெரிய ராணுவச் சரக்கு விமானங்களால் அந்தக் குளிரில் போக முடியாது. மைனஸ் 60ஐத் தாண்டிய இருட்டில் போய் இறங்கி அவரை மீட்டு வந்தது 19 பேர் அமரக்கூடிய ஒரு ட்வின் ஆட்டர்தான்.

சியாச்சின் கணக்கு

நமக்குத் துருவம் தூரத்தில் இல்லை, சியாச்சினில் இருக்கிறது. அங்கே குளிரோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அது இறக்கைக்கு நண்பன். ஆனால் உயரம் காற்றை மெலியவைத்து அந்த லாபத்தையெல்லாம் விழுங்கிவிடும். சுழலிக்குப் பிடிமானம் குறையும். எஞ்சினுக்கு மூச்சுத் திணறும்.

1984 ஏப்ரலில் 'மேகதூத்' நடவடிக்கை தொடங்கியதிலிருந்து அந்த உச்சிகளுக்கு உயிர்நாடி சீட்டா ஹெலிகாப்டர். பிரான்சின் லாமா ஹெலிகாப்டரைப் பெங்களூர் எச்.ஏ.எல். உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1972இல் லாமா 12,442 மீட்டர் உயரம் தொட்டு உலக சாதனை படைத்தது. உச்சியில் எஞ்சின் அணைந்துபோக, விமானி ழான் பூலே எஞ்சின் இல்லாமலேயே தரையிறங்கினார் என்பது அதே சாதனையின் மறுபக்கம். இருபதாயிரம் அடியில் சீட்டா சுமக்கக்கூடியது சில கேன் மண்ணெண்ணெய்தான். சுழலியை நிறுத்துவதில்லை, சரக்கைத் தள்ளிவிட்டு உடனே எழும்பிவிட வேண்டும்.

2016 பிப்ரவரி 3 அன்று சுமார் 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்து பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டு வீரர்களும் இருந்தார்கள். ஆறாம் நாள் உயிருடன் கண்டெடுக்கப்பட்ட கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஹெலிகாப்டர்தான் கீழே கொண்டுவந்தது. பிப்ரவரி 11 அன்று டெல்லியில் அவரும் இறந்தார். மற்ற ஒன்பது பேரின் உடல்கள், வானம் தெளிவதற்காக, மேலேயே நாள்கணக்கில் காத்திருந்தன. ஊரில் அவர்களுடைய குடும்பங்களும் காத்திருந்தன.

சீட்டா கிழடு தட்டிவிட்டது என்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. அதைவிட வலிமையான துருவ் வந்தது. ஆனால் 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்ததும், நாட்டின் துருவ்கள் எல்லாம் தரையில் நிறுத்தப்பட்டன. ராணுவமும் விமானப்படையும் அவற்றை மீண்டும் பறக்கவிட மே மாதம் ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களில் மலைமேல் சுமை மறுபடியும் பழைய ஹெலிகாப்டர்களின் தலையில்தான் விழுந்தது. எச்.ஏ.எல்.லின் புதிய இலகு ரக ஹெலிகாப்டர் 2020இலேயே சியாச்சின் உயரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. சோதனைக்கும் சேவைக்கும் நடுவேதான் வருடங்கள் உருகுகின்றன.

பாஸ்லரும் பழசுதான், சீட்டாவும் பழசுதான். வித்தியாசம் ஒன்று: முன்னதன் உடலைப் பிரித்து, எஞ்சினை மாற்றி, புதுப் பிறவி கொடுத்துப் பனிக்கு அனுப்புகிறார்கள். பின்னதற்கு மாற்று வரும் என்ற வாக்குறுதியைக் கொடுத்து அனுப்புகிறோம். கீழே சால்ட் லேக்கில் 14 டிகிரிக்கு மங்கி கேப் தயார். மேலே இருப்பவர்களுக்குத்தான் இன்னும் தயாராகவில்லை.