யானைக்கு ஆறு, நமக்கு இரண்டு

யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பல் வரும். தேய்ந்தது முன்னால் நகர்ந்து உதிர, பின்னாலிருந்து புதியது வந்து சேரும்.

நமக்குப் பல் முளைப்பது இரண்டே முறைதான்.

எனாமலை உருவாக்கும் செல்கள், பல் ஈறைவிட்டு வெளிவருவதற்குள் மடிந்துவிடுகின்றன. அதனால் உடைந்த பல், எலும்பைப்போல் கூடுவதில்லை. அதற்குத்தான் 'கேப்'. மருத்துவர் பல்லைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செதுக்கி, அச்செடுத்து, பீங்கானிலோ சிர்கோனியாவிலோ உறை செய்து ஒட்டுகிறார். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லுக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது. உள்ளே குடைந்ததில் சுவர் மெலிந்திருக்கும். சோற்றில் ஒரு கல் போதும், பிளந்துவிடும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப்பட்டைபோல உறை அந்தச் சுவர்களை இறுக்கிப் பிடிக்கிறது.

உறைக்குச் சொத்தை வராது. ஈறோரம் உறை முடிகிற விளிம்பில் பல்லுக்கு வரும். பிரஷ் அங்கே போயே ஆகவேண்டும்.