வெடியை அடைக்கும், மண்ணெண்ணெயை அடைக்காது

கோவையிலிருந்து ஒரு வாசகர், ரைஃபிள் கிளப் உறுப்பினர், எழுதியிருக்கிறார்: “என் .22 ரைஃபிளின் குழலை ராத்திரி முழுக்க ஊறவைக்க நினைத்தேன். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டையே சேம்பரில் செருகி, போல்ட்டைப் பூட்டி, துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினேன். விடிந்து பார்த்தால் குழல் காலி. டிரிகரும் மரக்கட்டையும் ஊறிக் கிடந்தன. வெடியையே அடைக்கிற கூடு மூன்று ஸ்பூன் மண்ணெண்ணெயை அடைக்காதா?”

அருமையான கேள்வி. ஸ்பூன் கணக்கும் சரிதான்: 5.6 மி.மீ. துளை, 60 செ.மீ. குழல் என்றால் சுமார் 15 மி.லி. பிடிக்கும்.

ஊறவைப்பது எதற்கு என்பதை முதலில் முடித்துவிடலாம். .22 தோட்டாவின் குண்டு பெரும்பாலும் மெழுகு பூசிய வெறும் ஈயம். பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. உரசலுக்காகப் பல கம்பெனிகள் அதில் கண்ணாடித் தூளும் சேர்க்கின்றன. சுடச் சுட, கூட்டின் வாய் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் கரி, ஈயம், மெழுகு எல்லாம் சேர்ந்து கெட்டி வளையமாகப் படிகிறது. குழலுக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா மலிவானதிலிருந்து எல்லோரும் இந்த வளையத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். ஒரே இரவில் கரைத்துவிடும் என்று பாட்டில்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் அறை வெப்பத்தில் கரியையும் கண்ணாடியையும் கரைக்கிற எண்ணெய் எதுவும் கிடையாது. இளகுவது அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் மெழுகும் பிசுக்கும்தான். மிச்ச வேலை பிரஷ்ஷுக்கு. வினிகரும் பெராக்சைடும் கலந்து ஈயத்தைக் கரைக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். கிடைப்பது விஷமுள்ள ஈய உப்பு; எஃகும் அரிபடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கூடு, தான் உட்காரும் சேம்பரைவிட ஒரு முடியளவு சிறியது. இல்லாவிட்டால் உள்ளேயே போகாது. சுட்டதும் உள்ளிருக்கும் வாயு மெல்லிய பித்தளைச் சுவரை வெளிப்பக்கம் தள்ளி எஃகோடு ஒட்டவைக்கிறது. அழுத்தம் ஏற ஏற அடைப்பும் இறுகுகிறது. அதாவது கசியப் பார்க்கிற வாயுவே தன் வழியை அடைத்துக்கொள்கிறது. ஓரிரு மில்லி விநாடியில் குண்டு வெளியேற, அழுத்தம் விழ, பித்தளை பின்வாங்கிப் பழையபடி இடைவெளி விடுகிறது. அப்படி விடுவதால்தான் காலிக் கூட்டை உருவ முடிகிறது. இறுக்கிப் பிடித்தபடியே இருந்தால் ஒவ்வொரு முறையும் கம்பியால் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

மூடி உள்ளே இறங்கி மாட்டும் பிரஷர் குக்கரும் இந்த ஜாதிதான். ஆவி ஏறும்வரை ஓரத்தில் புஸ்ஸென்று கசியும். ஏறியபின் ஆவியே மூடியை இறுக்கும். அடுப்பில் வைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் சமையல் மேடை நனையும். வாசகர் செய்தது இதைத்தான். குக்கரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு; .22 தோட்டாவுக்கு அனுமதித்த உச்சம் 24,000. ஆக இது 1,600 குக்கர். ஒரே விசில், விசிலோடு சாம்பார் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விழும், ஒவ்வொரு சமையலுக்கும் புது மூடி. வாசகர் ஊற்றிய மண்ணெண்ணெயின் எடை தந்த அழுத்தமோ ஒரு குக்கரில் இருபதில் ஒரு பங்கு. பித்தளை அசையக்கூட இல்லை. மண்ணெண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீரின் பாதிகூட வராது. உலோகத்தை நனைத்துக்கொண்டே எந்தச் சந்திலும் ஊர்ந்துவிடும்.

சரித்திரம் கேட்பவர்களுக்கு: விளிம்பில் பற்றும் தோட்டாவை 1845இல் பிரான்சின் ஃப்ளோபேர் செய்தார், இன்றைய .22 லாங் ரைஃபிள் 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனியிடமிருந்து வந்தது. போதும். இதைவிட ருசியானது நம்மூர் மழைக்காலச் சங்கதி. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. உருவாக்கும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் ஈரமும் குதிரைச் சிறுநீரின் அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல்தான் விளங்கியது. அதனால் செம்புக் கறை நீக்கும் அம்மோனியா திரவங்களைப் பித்தளைக் கூட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்; வெறும் ஈயக் குண்டு சுடும் குழலில் அவற்றை ஊற்றுவதில் அர்த்தமும் இல்லை.

சரி, எதைக் கொண்டு அடைப்பது? சேம்பர் விளிம்பில் காலிக் கூட்டை இழுக்கும் கொக்கிக்காகப் பள்ளம் வெட்டியிருக்கும். மேலாக அழுத்தும் கார்க் அந்தப் பள்ளத்தின் வழியாக ஒழுகும். ரொம்ப உள்ளே தள்ளினால், ஊற வேண்டிய வளையத்தையே மறைத்துவிடும். கூட்டின் மொத்த நீளமே 15.6 மி.மீ. நமக்குக் கிடைப்பது நடுவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அங்கே நிற்க வேண்டியது திருகால் நெட்டாக நசுக்கும் குட்டி ரப்பர் உருளை. ரப்பரின் கனஅளவு குறையாது. நீளத்தில் நசுங்கினால் பக்கவாட்டில் பிதுங்கி எஃகைப் பிடித்துக்கொள்ளும். வாயு செய்ததைத் திருகு செய்கிறது. நைட்ரைல் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். இயற்கை ரப்பரும் சிலிகானும் மண்ணெண்ணெயில் உப்பும். ராத்திரி பிரமாதமாக அடைக்கும், காலையில் கழற்ற வராது.

தோட்டா இல்லை என்று பார்த்து, போல்ட்டை உருவிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். வளையம் சேம்பர் பக்கம்தான் என்பதால் குழலை நிரப்பவும் வேண்டாம், அடியில் ஒன்றரை மி.லி. நின்றால் போதும். முடிந்ததும் குழல்வாயைக் கீழே சாய்த்து வடித்து, பிறகு அடைப்பை எடுத்து, பிரஷ் போட்டு, காய்ந்த துணி காய்ந்தபடியே வெளிவரும்வரை துடையுங்கள். திரவம் நசுங்காது; தேங்கி நின்றால் குண்டுக்கு அது அடைப்புதான். ஊறிய டிரிகரைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுச் சுடுங்கள்.